கப்பல்காரிக்கு ஏது பாடு?

பழவேற்காடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் பட்டணத்திலிருந்து அனுப்பிய 'கப்பல்காரி' படக்கதையின் மூன்றாம் பாகம் கிடைத்தது. நான் பார்த்துக்கொள்ளும் நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், "இதைப் படியுங்கள், சோறு தண்ணி மறந்துவிடுவீர்கள்" என்று நான்தான் சொல்லி வைத்தேன். சொல்லியிருக்கவே கூடாது.

இருப்பது ஒரே பிரதி. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஆம்பளைகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் பாடு, அதாவது முறை, பிரிப்பார்களே, அதே மாதிரி பையன்கள் புத்தகத்துக்கும் சீட்டு எழுதினார்கள். எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. பசியாவரத்திலிருந்து படகேறி வரும் பூங்காவனம் தன் பெயரையும் எழுதச் சொன்னாள்.

"பொட்டப் புள்ளைக்கு ஏது பாடு?" என்றான் ஒருவன். பேப்பர் படிக்க வந்த பெரிய மனிதர்கள் கெக்கலித்தார்கள்.

"கதையில கப்பல் ஓட்றதே ஒரு பொண்ணுதானேக்கா?" என்று அவள் என்னைக் கேட்டாள். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. சீ, என்ன ஜென்மங்கள்!

பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா உதட்டைப் பிதுக்கியது நினைவுக்கு வந்தது. அதை விடுங்கள்.

சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். புத்தகத்தைப் பூங்காவனத்திடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். சிரித்த அதே வாய்களைப் பிளந்துகொண்டு எல்லோரும் கேட்டார்கள். அதைப் பார்க்க இன்னும் அருவருப்பாக இருந்தது.

நான்காம் பாகத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள், கொண்டு வாருங்கள். பாப்பா குப்புற விழத் தொடங்கிவிட்டாள். உங்கள் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. அப்பா வந்து தூக்குகிற பாடு பொட்டைப் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்று அவளிடமே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா