பலகையை மிதிக்கும் கால்

மொன்ட்ரியால்-நோர்
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள மச்சாள் சிசிலிக்கு,

நீரும் மகள் ஜெயனியும் அவளது குழந்தையும் நலமென்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று தடவை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று தடவையும் ஜெயனி "அம்மா நித்திரை, மாமி" என்றாள். பகல் பதினொரு மணிக்கு ஸ்காபரோவில் எல்லோரும் நித்திரை கொள்வது வழக்கம் போலும். ஆகவே கடிதம். றூபன் செவ்வாய்க்கிழமை மரக்கறி லொறியோடு ரொறன்ரோ வருகிறான். உமது கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. புதிய சுவாமியாரின் பிரசங்கம் ஒன்பது நிமிடத்தில் முடிகிறது. அவரைப் பற்றி எனக்கு வேறு முறைப்பாடு இல்லை. என் வலக்கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

உமது கணவனும் என் தம்பியுமான வலன்ரைன் மின்சார வட்டவாள் ஒன்று வாங்கியிருக்கிறான். ஜான்-டலோன் சந்தையில் இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கியவனுக்கு ஓய்வு பெற்றபின் தச்சுவேலை பிடித்துவிட்டது. பேஸ்மன்றில் அலுமாரி செய்கிறான். குசினிக்கு, கூரைவரை உயரமாக. நீர் பத்தொன்பது வருடமாகக் கேட்டது. யாருக்கு என்று கேட்டேன். "சும்மா அக்கா, பொழுது போகவேணுமே" என்றான். மறுநாள், மேல்தட்டு எவ்வளவு உயரத்தில் இருந்தால் சிசிலிக்கு எட்டும் என்று என்னிடமே கேட்டான்.

வேலை செய்யும் விதத்தைக் கேளும். சாரம் கட்டிக்கொண்டு நிற்கிறான். பலகையை இரண்டு பால்பெட்டிகளின் மேல் பாலம்போல வைத்து, இடது காலால் நடுவில் மிதித்துக்கொண்டு அறுக்கிறான். கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கு என்றேன். "ஊரிலை எல்லாரும் காலாலை மிதிச்சுத்தானே அறுத்தவை? அப்ப ஆரின்ரை கால் போனது?" என்கிறான். அது கைவாள், கை நின்றால் அதுவும் நின்றுவிடும். இது விசையை விட்ட பின்னும் சுழல்கிறது. இரு முனையும் தாங்கியிருக்கும் பலகையை நடுவே அறுத்தால் அது தாழ்ந்து, வெட்டின் இரு கரையும் அலகை நெரிக்கும். வாள் அறுப்பவனை நோக்கிப் பின்னுக்கு உதைக்கும். பேராதனையில் மூன்று வருடம் பௌதிகம் படித்து, முப்பது வருடம் படிப்பித்தவள் சொல்கிறேன். "அக்கா, இது சோதனைப் பேப்பர் இல்லை" என்றான்.

அலகின் கீழ்ப்பாதியை மூடுவதற்கு ஒரு தகடு உண்டு. அறுக்கும்போது விலகி, வாளை எடுத்ததும் தானாக வந்து மூடவேண்டியது. அறுக்கத் தொடங்கும்போது அது பலகையில் தடக்குகிறதாம். அதனால் ஒரு மரத்துண்டைச் செருகி, அதை எப்போதும் திறந்தபடியே நிறுத்திவைத்திருக்கிறான். தன் கெட்டித்தனத்தை எனக்குக் காட்டவும் செய்தான்.

அந்த இடது காலை உமக்குத் தெரியும். நீரிழிவினால் அதில் உணர்வு செத்து ஆறு வருடம். ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கி மடியில் வைத்து, விரல் விரலாகப் பார்த்தவர் நீர். ஜூனில் மூன்று கிழமைக்கென்று நீர் ஜெயனியிடம் போனபின் அதை ஒருவரும் பார்க்கவில்லை. சென்ற திங்கட்கிழமை வாசலில் அவனது இடது செருப்பைக் கண்டேன். பெருவிரல் பக்கத்து விளிம்பில், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு வெட்டு. காலைக் காட்டு என்றேன். "எங்கை? ஒண்டுமில்லையே" என்றான். காலுறை தோலோடு காய்ந்து ஒட்டியிருந்தது. சனிக்கிழமை அறுத்தது, இரண்டு நாள் அதனோடு நடந்திருக்கிறான், பூசைக்கும் வந்திருக்கிறான். கிளினிக்கில் கட்டுப்போட்டு, அந்தக் காலை ஊன்றவேண்டாம் என்றார்கள். "வி, வி, மெர்ஸி" என்று பிரெஞ்சில் ஆமோதித்து நன்றியும் சொல்லிவிட்டு வந்து, அன்று பின்னேரமே கட்டோடு பலகையில் ஏறி நின்றான்.

வாளின் பற்றரியைக் கழற்றி ஒளித்தேன். புதிது வாங்கிவந்து, "வீட்டிலை கள்ளர் இருக்கினம் போலை" என்றான், என் முகத்தைப் பார்த்தபடி. இப்போது வாள் சத்தம் கேட்டதும் நான் படியிறங்கிப்போய் அருகே நிற்கிறேன். நான் நின்றால் அவனுக்கு வேலை ஓடாது, சலித்து நிறுத்திவிடுகிறான். இந்த உபாயம்தான் இந்தக் கிழமை முழுவதும் அவனைக் காத்தது. ஆனால் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். நீளப் பலகைகள் நான்கையும் அன்றைக்கென்றே எடுத்துவைத்திருக்கிறான். "நீங்கள் வாறதுக்குள்ளை முடிச்சிடுவன்" என்றான். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாமே என்று நீர் நினைப்பீர். செப்டெம்பரில் ஒரு தடவை தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளினால் பெயரை வெட்டிவிடுவார்கள். இடக்கண் ஏற்கெனவே போய்விட்டது.

நீர் ஏன் திரும்பி வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். மே மாதம், றூபனின் மகன் பிருந்தன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்தில், நாற்பது பேருக்கு நீர் தனியாகச் சமைத்துக் கொட்டிய அன்று, "இவளுக்கு அலுமாரி என்னத்துக்கு? இருக்கிறது மூண்டு சட்டி, அதிலையும் ஒண்டு அடிப்பிடிச்சது" என்றான் வலன்ரைன். எல்லோரும் சிரித்தார்கள். சிசிலி, நானும் சிரித்தேன். நீர் என்னைத்தான் பார்த்தீர், அவனை அல்ல.

அவனுக்காகப் பரிந்து பேச நான் எழுதவில்லை. மன்னிக்கவேண்டுமென்றும் சொல்லவில்லை, அது உமது பாடு. வருவதானால் வாரும், வராவிட்டால் வரமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடும். எதைச் சொன்னாலும் அவன் வாளைக் கீழே வைப்பான். நீர் ஒன்றும் சொல்லாதிருக்கும்வரை அறுத்துக்கொண்டேயிருப்பான். என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. அந்த விருந்துக்குப் பிறகு இருக்கவும் கூடாது.

ஜெயனிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர். உமக்கு ஆசீர் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்கிறேன்: புதன்கிழமை அவனை அழையும். புதன் முடியாவிட்டால் வியாழன் காலை, ஏழு மணிக்கும் எட்டுக்கும் இடையில். எட்டுக்கு மேல் வாள் ஓடத் தொடங்கிவிடும். தொலைபேசி அடிப்பது அவனுக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உமது மச்சாள்
இமெல்டா