ஒன்றா இரண்டா, எது தெளிவு?

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும், பதினேழு நாளாக நல்லா இருக்கேன் என்ற ஒற்றை வரியைத் தவிர உன்னிடமிருந்து எதுவும் காணோம். கோபம் என்று தெரிகிறது. போன் பண்ணலாம்தான், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல நடுவில் உன் அப்பா மாட்டிக்கொள்வார். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பா சமையலறைக் குழாயைத் தானே சரி செய்கிறேன் என்று கழற்றி வைத்திருக்கிறார், மூன்று நாளாகக் குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்குகிறோம், ஆளைக் கூப்பிடட்டுமா என்றால் அவசரப்படாதே என்கிறார். தம்பி ஒருவழியாகக் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான், இரண்டாம் தடவையில், வெளியே முதல் தடவை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், உன்னிடமும் அப்படித்தான் அளப்பான், தெரியாத மாதிரி இரு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். போன வருடம் லிஃப்ட் தப்பான மாடியில் நின்றது, கதவு திறந்தால் இருபது பேர் சத்தமே இல்லாமல் கையால் பேசி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதே வாரம் வாடகை அறையில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் யாரோ விட்டுப்போன சைகை மொழிப் படத்தாள். அடுத்து பஸ்ஸில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை. இதெல்லாம் சும்மா நடக்குமாம்மா, யாரோ கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு என்றாய். ஒரு வருடம் மாலை வகுப்பும் படித்துவிட்டாய், இப்போது சைகை மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சேர்ந்தால் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட வேண்டும். அதற்கு நான் என்ன சொன்னேன்? காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு வேலையை விடுவியா, அலமாரிக்குப் பின்னாடி கரப்பான்பூச்சி கிடந்திருந்தா பூச்சி மருந்துக் கடை வைப்பியா என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை, அம்மா வேண்டாம்னா விட்டுடறேன் என்று போனை வைத்துவிட்டாய்.

அது நடந்து ஒன்பதாம் நாள், எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தார். தச்சர், கை ரோமத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. வந்ததும் ஒரு சீட்டை நீட்டினார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற எனக்கு என் கண்ணாடி தலைமேல் இருந்தது, இறக்கச் சோம்பல், டாக்டர் சீட்டாக இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன். நாற்காலியில் உட்கார வைத்து, வில்லை மாற்றுகிற சட்டத்தை மூக்கில் மாட்டி, வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றா இரண்டா, எது தெளிவு என்று கேட்டேன். தலையாட்டினார். தலையாட்டினால் எப்படி, எது என்று கேட்டேன். மறுபடியும் தலையாட்டினார். எனக்குத்தான் பொறுமை என்பது கடையில் வாங்குகிற சாமான் ஆயிற்றே, மூன்றாம் தடவை நான் போட்ட சத்தத்தில் முதலாளியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விளக்கைப் போட்டுச் சீட்டை எடுத்துப் படித்தேன். எனக்குக் காது கேட்காது, தயவுசெய்து விளக்கை அணைக்காதீர்கள், உங்கள் முகம் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, அது நாக்கு நுனிவரை வந்து கூசிப்போய்த் திரும்பிவிட்டது. இத்தனை வருடத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அப்போதுதான் என் கை தானாக எழுந்தது. போன விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் நீ சொல்லிக்கொடுத்தாயே, இரண்டு கை விரல்களையும் குவித்து மெல்ல விரித்தால் தெளிவு என்று, குரங்குச் சேட்டை போதும், சோறு ஆறுது என்று நான் விரட்டினேனே, அது எங்கோ உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒரு விரல் காட்டினேன், இரண்டு விரல் காட்டினேன், விரல்களைக் குவித்து விரித்தேன். அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். என் கட்டைவிரலைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தித் திருத்திவிட்டு, இரண்டு என்று காட்டினார். மேசை விளக்கை எரியவிட்டே முழுப் பரிசோதனையும் முடித்தோம். பிறகு எழுதிக் காட்டினார், இதற்கு முன் போன இரண்டு கடையிலும் இருட்டில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போனாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என் நாற்காலியிலும் எத்தனை பேர் இப்படித் தலையாட்டினார்களோ.

உன் அப்பாவிடம் சொன்னேன். நீ இந்த வேலைக்கு வந்த கதை மட்டும் என்னவாம் என்று கேட்டார். ஆசிரியர் பயிற்சி நேர்காணலுக்குப் போகிற வழியில் மழைக்கு இந்தக் கடை வாசலில் ஒதுங்கினேன், படிக்கத் தெரியுமாம்மா, இந்தப் பெரியவருக்குப் பலகையில் எழுத்தைக் காட்டு என்று அப்போதைய முதலாளி குச்சியைக் கையில் கொடுத்தார், நேர்காணலுக்குப் போகவே இல்லை, முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. மழைக்கு அன்றைக்கு எத்தனையோ பேர் ஒதுங்கினார்கள், குச்சியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் நின்றது நான்தான். காக்கா உட்கார்ந்தால் காய் விழாது வாலு, பழம் முன்பே பழுத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அப்பா அச்சக வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தாரே, அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதைத்தான் பழமொழியில் சுற்றி உன் தலையில் கட்டிவிட்டேன். மன்னித்துக்கொள். பயம் இப்போதும் இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும், நீ சேர்ந்துவிடு.

ஆபீசில் சண்டை போடாமல் மரியாதையாகச் சொல்லிவிட்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியைத் தின்று நாளைக் கழிக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், மூன்றே நாளில் வரும் என்றார்கள், கையில் கிடைத்த அன்றே சம்மதம் எழுதிப் போடு. அடுத்த சனிக்கிழமை அந்தத் தச்சர் கண்ணாடி வாங்க வருகிறார், போட்டால் தலை சுற்றுகிறதா என்று கையால் எப்படிக் கேட்பது, அதற்குள் சொல்லிக்கொடு, இந்தத் தடவை சோறு ஆறினாலும் பரவாயில்லை. எடுத்த காரியம் கைகூடும், நன்றாக இருப்பாய் கண்ணு.

இன்னும் ஒன்று. அன்றைக்குக் கிளம்பும்போது, இந்தச் சைகையை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் எழுதிக் கேட்டார், என் மகள் என்று எழுதினேன், மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டார். விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது, கேள்வியும் தெளிவாகப் புரிந்தது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் வரவை எப்போதும் பார்த்திருக்கும்
அம்மா