மிசாவோவைத் தூக்கும் முறை

நவம்பர் 9

இன்று மிசாவோவைக் குளிப்பாட்டினேன். வெதுவெதுப்பான நீர், குழந்தைச் சோப்பு, பஞ்சு. தேய்க்கக் கூடாது; ஒற்றி எடுக்க வேண்டும். அக்குள், முழங்கால் மடிப்பு, பின்கழுத்து. சிலிக்கோன் முதலில் கிழிவது அங்கேதான். ஈரம் முழுதும் போன பிறகு பவுடர். பிறகு ஜன்னலோரம் உட்காரவைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நான்கு வருடம் ஆகிறது. இந்த மாதிரி ஆளுயரப் பொம்மை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் வருடமே விரலுக்குள் இருக்கும் கம்பியை உடைத்துவிடுவதாகக் கம்பெனிக்காரனே சொன்னான். என்னிடம் உடையவில்லை. இரும்பு வார்ப்புப் பட்டறையில் காலத்தைக் கழித்தவன் நான். அச்சிலிருந்து வந்த பொருளை எப்படிப் பிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அவள் காதுக்குப் பின்னால் அச்சு சேர்ந்த கோடு தெரிந்தது. அதை ஒழுங்காக மறைக்கக்கூடத் தெரியவில்லை அவர்களுக்கு. நான்தான் மறைத்தேன்.

நவம்பர் 12

குப்பை வைக்கும் இடத்தில் ஒகாடா அம்மாள் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருச் சங்கத்தின் தலைவி.

"குராமோச்சி சான், ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில சக்கர நாற்காலியில ஒருத்தங்களைத் தள்ளிட்டுப் போனீங்களே. நான் குனிஞ்சு வணக்கம் சொன்னேன். அவங்க திரும்பிக்கூடப் பார்க்கல. பக்கத்துல வந்தப்பதான் என்னன்னு தெரிஞ்சுது."

"அவ யாருக்கும் பதில் சொல்லமாட்டா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"சின்னப் பசங்க பயப்படறாங்களாம்."

"எந்தப் பையன்? பேரைச் சொல்லுங்க, நானே போய்ப் பேசறேன்."

பேர் வரவில்லை. எனக்குத் தலையை மட்டும் அசைக்கிற அம்மாள், மிசாவோவுக்கு இடுப்பு வரை குனிந்திருக்கிறார். அவ்வளவு உயிரோட்டமாக வைத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

நவம்பர் 23

சிகாகோ ஃபோன் செய்தாள். என் மகள். ஓமியாவில் முதியோர் இல்லத்தில் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"புது வருஷத்துக்கு நான் வரணும்னா அது அங்க இருக்கக் கூடாதுப்பா."

அதாம். பேர் வாயில் வராதோ?

"செஞ்ச கம்பெனியே திரும்ப எடுத்துக்குதாமே. பொறந்த வீட்டுக்கு அனுப்பற மாதிரி. மந்திரம்கூட ஓதி வழியனுப்பறாங்களாம். மரியாதையாத்தான் செய்யறாங்க, அனுப்பிடுங்க."

"என்ன தப்பு பண்ணினான்னு அனுப்பறது?"

"அம்மா இடத்துல ஒரு பொம்மையை உட்காரவெச்சிருக்கீங்க."

என் மனைவி தோமியே இறந்து பதினோரு வருடம். சாப்பாட்டு மேசையில் அவள் இடம் சமையலறைப் பக்கம். அங்கே தரையில் போட்டிருக்கும் சிறு மெத்தையில் இன்றுவரை யாரும் உட்கார்ந்ததில்லை, நான் உட்பட. மிசாவோ உட்காருவது ஜன்னல் பக்கம். இதைத்தான் சொன்னேன். வைத்துவிட்டாள். இதில் நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

நவம்பர் 24

அனுப்பமாட்டேன்.

டிசம்பர் 11

நேற்று கோயில் சந்தைக்குப் போய்வந்தோம். பட்டறை மூடியபோது எங்களுக்கெல்லாம் கொடுத்த திருவிழாக் கோட்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. கருநீலம், முதுகில் பட்டறையின் முத்திரை. ஒரு நாளும் உடுத்தியதில்லை. அதை மிசாவோவுக்குப் போட்டுவிட்டேன். அதிர்ஷ்டத்துக்காக வாங்கும் மூங்கில் வாரியை விற்கிறவன் முத்திரையைப் பார்த்துவிட்டு, "பெரியவர் அந்தப் பட்டறையா?" என்று கேட்டான். நிமிர்ந்து நடந்தேன்.

இன்று காலை கோட்டைக் கழற்றினால் கழுத்தெலும்பிலும் இரண்டு மணிக்கட்டிலும் நீலம். ஒரு தடவைகூடத் துவைக்காத சாயம்! வெளிர்த் துணி தவிர எதுவும் நேராகத் தோலில் படக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முத்திரை கண்ணை மறைத்துவிட்டது.

டிசம்பர் 15

கறை எடுக்கும் பசை பூசித் துடைக்கிறேன். மணிக்கட்டில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. கழுத்தில் அப்படியே. கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். "அனுப்பிவைங்க சார், பார்க்கறோம்" என்கிறான். அனுப்பவாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவர்களுக்கெல்லாம் இந்த ஒரு வார்த்தையை?

டிசம்பர் 31

சிகாகோ வரவில்லை. வருடக் கடைசிக்கான சோபா நூடுல்ஸைத் தனியாகச் சாப்பிட்டேன். மிசாவோ எதிரில். கால் சூடாக்கும் மேசையை அணைத்துத்தான் வைத்திருந்தேன். அந்தச் சூடு அவள் காலுக்கு ஆகாது. குளிர் முதுகில் இறங்கிவிட்டது. பரவாயில்லை.

ஜனவரி 5

நேற்று நடந்ததைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மிசாவோவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகில் பளீரென்று ஒரு வலி. விழுவது தெரிந்தது. அவள் தலையை மட்டும் என் கையில் வாங்கிக்கொண்டேன். மற்றபடி இருவருமே தரையில். எழுந்திருக்க முடியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. ஒகாடா அம்மாள் தெருச் சுற்றறிக்கையைக் கொடுக்க வந்து, கதவு திறந்திருக்க, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இதுல யாரை முதல்ல தூக்கறது?"

"அவளை."

"சும்மா இருங்க" என்று சிகாகோவுக்கு ஃபோன் செய்துவிட்டார்.

வேலை உடுப்போடு வந்தாள். என்னைப் புரட்டிப் படுக்கையில் சேர்த்தாள். பிறகு தரையில் கிடந்த மிசாவோவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கையைப் புடிச்சு இழுக்காதே. தோள் மூட்டு..."

"எனக்குச் சொல்லித் தர்றீங்களாப்பா? தினமும் நான் என்ன வேலை பார்க்கறேன்?"

மண்டியிட்டாள். ஒரு கை முழங்காலுக்கடியில், ஒரு கை தோளைச் சுற்றி. குனிந்து மிசாவோவின் காதருகே, "கொஞ்சம் தூக்கறேங்க. பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தூக்காமல் அப்படியே இருந்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிழவிக்கும் சொல்வது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒகாடா அம்மாள் சுற்றறிக்கையைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு தூக்கலை நான் பார்த்ததில்லை. ஒரு மூட்டுகூட முறுகவில்லை. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, சரிந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியும் விட்டாள்.

"கழுத்துல என்ன இது?"

"சாயம்."

"புது நீலத் துணியை உள்துணி இல்லாம யாராவது போடுவாங்களா?"

மேசைக்கடியில் கையை விட்டுப் பார்த்தாள். "இதை ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க?"

"சூடு அவளுக்கு ஆகாது."

"உங்களுக்குக் குளிர் ஆகுமா?"

தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். உட்காருமுன் சமையலறைப் பக்கத்து மெத்தையை, அது காலியாக இருப்பதை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

ஜனவரி 8

நடக்க முடிகிறது. மிசாவோவைத் தொடக் கூடாது என்று சிகாகோவின் உத்தரவு. ஜன்னலோரமே இருக்கிறாள். தூசி மட்டும் தட்டினேன். உத்தரவில் தூசி பற்றி எதுவும் இல்லை.

ஜனவரி 19

சிகாகோ வந்தாள். பையில் ஒரு தடித்த கம்பளிப் போர்வை, எனக்கு. "சூடு படாம அவங்க காலைச் சுத்திப் போத்திட்டு மேசையைப் போடுங்கன்னா கேக்கமாட்டீங்க. நீங்களாவது சுத்திக்குங்க." அதன் அடியில் மடித்த வெள்ளைப் பருத்தி உள்ளங்கி ஒன்று. கடையில் வாங்கியதில்லை; தையல் அவளுடையது. கழுத்து உயரமாக, கை மணிக்கட்டு தாண்டி நீளமாக. அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தூக்கினேன் இல்ல" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து மிசாவோவுக்குப் போட்டுவிட்டோம். மேலே பட்டறைக் கோட்டு. நன்றாக இருந்தது.

கிளம்பும்போது, "பவுடர் ரொம்ப அதிகமாப் போடறீங்கப்பா" என்றாள்.

அளவு சரியாகத்தான் இருக்கிறது. சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு வந்து தானே போட்டுக் காட்டுகிறாளாம். எவ்வளவு பிடிவாதம்! என் மகள்.