சிவப்பு நூல் மூட்டை

அன்புள்ள அம்மா,

நீயும் அப்பாவும் நலந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? ஹாம்பர்க்கில் நான் சுகம்.

போன மாதம் நம் மலையிலிருந்து ஜூனிப்பர் காய் மூட்டைகள் எங்கள் கிடங்குக்கு வந்தன. ஒன்றின் வாயை என் பழைய சிவப்பு ஸ்வெட்டர் நூலால் தைத்திருந்தது. யார் தையல் என்று கேட்கவா வேண்டும்? ஆசையாகப் பிரித்தால், ஒரு காயைத் துளைத்துக்கொண்டு புழு தலையை நீட்டுகிறது.

"புழுவா? மூட்டையைத் திருப்பி அனுப்பு" என்றாள் மேற்பார்வை பார்க்கும் ஹைக்கே.

"பொறுங்க, இது எங்கம்மா மூட்டை. காத்தே இல்லாத நாள்ல ஷ்ப்ரேசா அத்தைகூட ஊர்க்கதை பேசிக்கிட்டே தூத்தியிருக்காங்க. காத்தடிச்சிருந்தா புழு தின்ன காய் லேசா பறந்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப நீயே உட்கார்ந்து பொறுக்கு."

மூன்று மணி நேரம் பொறுக்கினேன். வேறு புழுவே இல்லை, மூட்டை தேறிவிட்டது.

அந்தப் புழுவைக் குவளையில் வைத்துத் துணி கட்டினேன். நேற்று நெல்லளவு அந்துப்பூச்சியாக வெளியே வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. இரவுச் சாப்பாடு வரை அதனிடம் பேசினேன். நம் பேச்சு புரிகிற ஆள் இங்கே அது ஒன்றுதான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். அடுத்த மூட்டையையும் காற்றில்லாத நாளிலேயே தூற்று, அம்மா. ஒரு புழு போதும்.

உன் லூலே