சேறு முழுங்கின இடது ஷூ

அடியே ஹில்லா,

நீ என்னை பிளாக் பண்ணிட்ட, அதான் கடுதாசி.

நேத்து ஹூரின்சல்மி சதுப்புல, சேத்து ஃபுட்பால் மேட்ச் பாதியில, தொடை வரைக்கும் இறங்கிட்டேன்டி! ஷூவைக் காலோட சேத்து டேப் சுத்தி விடுறது எப்பவும் நீதானே. இந்தத் தடவை நானே கோணலா சுத்தினேன். இடது ஷூவை சேறு முழுங்கிடுச்சு. எழுந்து நிக்கப் பாத்தேன், இன்னும் ஆழமா போயிட்டேன்.

"முட்டி போட்டுத் தவழுடி, லூசு!"ன்னு எங்க கேப்டன் ஹெல்மி கத்தினா. இடுப்பே அசையல. கரையில அத்தனை பேரும் போனைத் தூக்கிட்டாங்க. "அழு, அழு, வைரல் ஆயிடுவ!"ன்னு ஒருத்தன் சிரிச்சான். நானும் சிரிக்கிற மாதிரி நடிச்சேன்.

இந்த வருஷம் நீ மாறிப் போன எதிர் டீம்லேருந்து நீதான் தவழ்ந்து வந்த. கையைக் குடுத்து இழுத்துட்டு, திரும்பிப் போயிட்ட.

போன வருஷம் நீ இதே மாதிரி மாட்டி அழுதப்போ, நான் கையை நீட்டல. போனை நீட்டினேன்.

நான் போட்ட அந்த வீடியோவை எப்பவோ அழிச்சிட்டேன்டி, சத்தியமா. ஆனா யார் யாரோ இன்னும் போட்டுட்டே இருக்காங்க. இன்னைக்குக் காலையில கூட ஒண்ணு வந்துச்சு. அதுலேருந்து உன்னை எப்படி இழுக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

இப்படிக்கு,
ஒத்தை ஷூவோட வீடு வந்து சேந்தவ