கைக்கு எட்டாத கசிவு

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார். அம்மாவின் மூளையில் கட்டியைச் சுற்றி ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, நீர் கோத்து வீங்கியிருக்கிறதாம். கொத்து வேலையில் எத்தனை தண்ணீர்த் தொட்டிக் கசிவை அடைத்தவன் நான். அந்தச் சுவருக்கு மட்டும் என் கை எட்டவில்லை.

வீக்கத்துக்கு மருந்து போட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "தாடியை எடுங்க. என்னை விட்டுட்டு உங்களைப் படுக்க வச்சிருவாங்க" என்றாள். கட்டியே கரைந்துவிட்டதென்று வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். டாக்டர் தனியே அழைத்து, "வீக்கம்தான் வடிஞ்சிருக்கு, பெரியவரே. கட்டி அப்படியேதான் இருக்கு" என்றார்.

இன்று மறுபடி வீக்கம். என்னிடம் சித்தாளாக வந்த காலத்தில் கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றேன்.

"கொடுத்து வச்சவ" என்றாள்.

உன் பெயர் இன்னும் அவள் வாயில் இருக்கிறது. இருக்கும்போதே வந்துவிடு, கண்ணு.

இப்படிக்கு,
அப்பா