தபசு காலத்துக் காணிவேல்

மச்சான்,

இன்று காலை பயணப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். நாலைந்து நீலக் கடுதாசிப் பொட்டுகள் முற்றத்தில் விழுந்தன. வரும்போது உன் குளிர்க்கோட்டு இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அதன் பையிலிருந்து கொட்டுண்டிருக்க வேண்டும். அக்கா விளக்குமாற்றோடு வந்து, "உதென்னடா குப்பை?" என்றாள். "கூட்டாதை, விடு!" என்று கத்திவிட்டேன். பாவம், சுவிஸில் பாசல் நகரத்துக் காணிவேல் கொண்டாட்டத்தைப் பற்றி சண்டிலிப்பாயில் இருக்கிற அவளுக்கு என்ன தெரியும்?

யாழ்ப்பாணத்தில் நீ குருநகர், நான் சண்டிலிப்பாய். ஊரில் ஒருநாளும் சந்திக்காத நாங்கள் பாசலில் ஒரு ரெஸ்ரோரண்டின் நிலவறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினோம். எனக்கு விசா இருந்தது. உனக்கு இல்லை. இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு வருசம் வேலையும் எங்கள் அறையும்தான் உன் உலகம். ட்ராமில் ஏறமாட்டாய். கோயிலுக்குக்கூடப் போகமாட்டாய். தபால்காரனைக் கண்டாலும் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்பாய்.

"தபால்காரனுக்குமா ஒளிப்பாய், விசரா?" என்று கேட்டேன்.

"உடுப்புத்தானடாப்பா முதல்லை தெரியுது, பொலிஸோ தபாலோ எண்டு பிறகுதான்" என்றாய்.

வேறு ஊர்களில், தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னமே காணிவேல் முடிந்துவிடும். பாசல்காரருக்கோ அதற்கு அடுத்த திங்கள்தான் தொடக்கம். மூன்று நாளும் மேளம், புல்லாங்குழல், வண்டில்களில் பென்னாம்பெரிய மூக்கு வைத்த வேசக்காரர். தோடம்பழமும் இனிப்பும் எறிவார்கள், ஏமாந்து நிற்பவன் சட்டைக்குள் கடுதாசிப் பொட்டை அள்ளிக் கொட்டுவார்கள். முதல் வருசம் யன்னலால் பார்த்துவிட்டு உனக்கு வந்த கோபம்! "நெத்தியிலை விபூதி காயேல்லை, உவங்களுக்கு ஆட்டம் கேக்குது" என்று யன்னலை அடித்துச் சாத்தினாய். சைவக்காரனான எனக்கு உங்கள் வேதக்காரரின் தபசு காலமும் தெரியாது, நாற்பது நாள் நோன்புக் கணக்கும் தெரியாது. சிரித்தேன்.

அடுத்த வருசம் ரெஸ்ரோரண்டின் பின்பக்கக் குப்பையில் ஒரு உடைந்த முகமூடி கிடந்தது. வைக்கோல் தலைமயிர், கத்தரிக்காய் மாதிரி மூக்கு. கோதுமைமாப் பசை காய்ச்சி அதை ஒட்டினாய். தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றாய். உள்ளேயிருந்து குரல் வந்தது: "மச்சான், உதைப் போட்டால் என்னட்டை ஆர் விசா கேக்கிறது?"

அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்கு நீ நடுத்தெருவால் நடந்தாய். அதை நான் எப்படி மறப்பேன்? ஒரு பொலிஸ்காரன் உனக்குக் கை தந்தான், நீயும் குலுக்கினாய். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாய். பிறகு ஒவ்வொரு வருசமும் அந்த மூன்று நாள் உனக்கு இருந்தது. ஆனால் தபசை விடவில்லை நீ. ஒருநேரச் சாப்பாடு. வந்து விழுந்த இனிப்பையெல்லாம் சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். மேளம் எவ்வளவு அடித்தாலும் கால் அசைக்கமாட்டாய். "ஆடத்தான் கூடாது. நடக்கிறது பாவமில்லை" என்பாய். குருமாருக்கே தெரியாத சட்டம் அது.

வருசம் முழுக்க அம்மாவோடு அறைக்குள்ளிருந்துதான் வீடியோவில் கதைப்பாய். விசா கிடைத்துவிட்டது, லீவுதான் இல்லை என்று புளுகுவாய். "ஏனடா எப்பவும் உந்தச் சுவரையே காட்டுறாய்?" என்று மனுசி கேட்டுக்கொண்டே இருந்தா. போன வருசம் உனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. தெருவில் நின்று முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, "அம்மா, பாருங்கோ, வெளியிலை நிக்கிறன்!" என்றாய். உன் முகம் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தபசு காலத்திலையோ?" என்றா அம்மா. "உனக்காக நான் ஒருசந்தி நோன்பு கிடக்கிறன், நீ பேய்மூஞ்சையைப் போட்டுக்கொண்டு ஆடுறியோ?"

"ஆடேல்லை அம்மா, நடக்கிறன்."

"வாயைப் பொத்து. உயிர்த்த ஞாயிறு முடியுமட்டும் எனக்குப் போன் எடுக்காதை."

உண்மையைச் சொல்லடா என்று உன்னோடு சண்டை பிடித்தேன். "பேசினால் பேசட்டும்" என்றாய். "எட்டு வருசமா ஒளிச்சுக் கிடக்கிறன் எண்டு தெரிஞ்சால் மனுசி உடைஞ்சுபோம். நீயும் வாய் திறக்கக்கூடாது." நாள்தோறும் எடுத்தாய். அவ சொன்ன சொல்லில் நின்றா.

பெரிய வெள்ளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நெஞ்சு நோகுது என்றாய். வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்தாய். டொக்டரிடம் போனால் பதிவார்கள், பிடிப்பார்கள் என்று பயந்தாய். இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவன் நான், "சரி, நாளைக்குப் பாப்பம்" என்றேன். நாளைக்கு நீ எழும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்தோம். ஆறு பேர் வந்தார்கள். அம்மாவுக்கு நீ செத்ததை மட்டும் சொன்னேன்.

போன கிழமை குருநகருக்குப் போனேன். குளிர்க்கோட்டை அம்மாவின் மடியில் வைத்தேன். இந்த ஊர் வெக்கைக்கு அது எதற்கு, ஆனால் முழுசாக இருந்த உன் சாமான் அது ஒன்றுதான். தேத்தண்ணி தந்தா. பிறகு கேட்டா: "தம்பி, கடைசியிலையும் அவன் ஆடிக்கொண்டோ திரிஞ்சவன்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் வாயை உனக்குத் தெரியும்தானே. எல்லாவற்றையும் கொட்டினேன். விசா இல்லாதது, நிலவறை, தபால்காரன், ஒருநேரச் சாப்பாடு, ஒரு நாளும் ஆடாதது. உன்னைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன், மச்சான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவ கோட்டின் கையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தா. அழவில்லை.

"அப்ப என்ரை பிள்ளை அங்கை சந்தோசமா இருக்கேல்லையோ?"

"அந்த மூண்டு நாள்..." என்று தொடங்கினேன். 

"நான் போன் எடுக்கேல்லைத்தான்" என்றா. "எடுக்காத ஒவ்வொரு நாளும், பரவாயில்லை, பிள்ளை அங்கை சிரிச்சுக்கொண்டு திரியிறான்தானே எண்டு நினைச்சனான். அவன் செத்த பிறகும் அதை நினைச்சுத்தான் ஆறினனான். அதையும் ஏன் தம்பி பறிச்சனி?"

நேற்று மறுபடி போனேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே மனுசி இருமிய சத்தம் கேட்டது. "அம்மா, நான்தான்" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். நாளைக்கு நான் பாசலுக்குத் திரும்பிப் போகிறேன். நீ எட்டு வருசம் புளுகினதெல்லாம் உன் பாட்டை அவ அறியக்கூடாது என்பதற்காகத்தான். அதை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நான் அழித்துவிட்டேன். பொறுத்துக்கொள் என்று உன்னிடம் கேட்கவும் எனக்கு வாயில்லை.